குவாரித் தண்ணீருக்குள் கூட்டாளிகளோடு

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் பகுதியில் ஸ்டோனி ஸ்டான்டன் என்று ஒரு கிராமம். எந்தப் பக்கம் போனாலும் கடல் வெகு தூரம். ஆனாலும் சனி, ஞாயிறு காலைகளில் ரப்பர் உடையும் முதுகில் சிலிண்டருமாக ஆட்கள் அங்கே வந்து நிற்பார்கள். அவர்கள் இறங்கப்போவது பழைய கல்குவாரி ஒன்றில். ஸ்டோனி கோவ் என்று அதற்குப் பெயர். அதன் அடியில் ஒரு ஹெலிகாப்டர், பயணிகள் விமானம் ஒன்றின் முன்பகுதி, 2000ஆம் ஆண்டில் வேண்டுமென்றே மூழ்கடித்த ‘ஸ்டேன்கார்த்’ என்ற இழுவைக் கப்பல் எல்லாம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அந்தமானிலோ புதுச்சேரியிலோ ஸ்கூபா பழகிவிட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் பிரிட்டன் போகிற நம் பிள்ளைகளை அங்குள்ள நண்பர்கள் முதலில் கூப்பிடுவது பெரும்பாலும் இப்படி ஓர் இடத்துக்குத்தான். வெதுவெதுப்பான கடலில் பவளப்பாறை பார்த்தவர்களுக்கு ‘குவாரியா?’ என்று முகம் சுளிக்கத் தோன்றும். அங்கே என்ன இருக்கிறது, எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்பதை விளங்கிக்கொண்டு போவது நல்லது.

முதலில் இந்தத் தண்ணீர் எப்படி வந்தது? கல் வெட்ட வெட்டப் பள்ளம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். அதன்பின் ஊற்று நிற்காது. இரவும் பகலும் பம்பு வைத்து இறைத்தால்தான் வேலை ஓடும். ஸ்டோனி கோவில் கல் வெட்டியவர்களுக்கும் இதே தொல்லைதான். 1958இல் வேலை நின்றது, பம்பும் நின்றது, பள்ளம் தானாக நிரம்பியது. பிறகு வட கடலில் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய காலத்தில், அதற்கான தொழில்முறை முக்குளிப்பவர்களை இங்கே பழக்கினார்கள். 1978 முதல் பொழுதுபோக்கு டைவிங் மையமாக நடந்துவருகிறது. அடுக்கடுக்காகக் கல்லை எடுத்ததால் அடித்தளமும் படிப்படியாக அமைந்துவிட்டது: ஏறக்குறைய 6, 7 மீட்டரில் ஒரு தட்டு, 20 மீட்டரை ஒட்டி ஒன்று, கடைசியாக 35 மீட்டர். யாரும் திட்டமிடாமலே புதியவருக்கும் பழகியவருக்கும் தேர்ந்தவருக்கும் தனித்தனி ஆழம் கிடைத்துவிட்டது.

குவாரித் தண்ணீர் தெளிவாக இருப்பதற்குக் காரணம் எளிது. சுற்றிலும் பாறை, மண் சரிந்து விழக் கரை இல்லை, சேற்றைக் கொண்டுவர ஆறும் இல்லை. வசந்தத்தில் பாசி பெருகினால் பச்சையாகக் கலங்கும். மற்றபடி அலை இல்லை, ஓதம் இல்லை, இழுப்பு இல்லை. படகு வேண்டாம். காற்று அடிக்கிறது என்று பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. பிரிட்டனைச் சுற்றியுள்ள கடல் வருடத்தில் பாதி நாள் முரண்டு பிடிக்கும் கடல். அங்கே கற்றுக்கொள்வதற்கும், கற்றதை மறக்காமல் வைத்திருப்பதற்கும் குவாரியை விட்டால் வேறு வழி குறைவு.

பார்க்க என்ன உண்டு என்று கேட்டால், உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்: அதிகம் இல்லை. பெர்ச் மீன்கள் ஆளைச் சுற்றி வேடிக்கை பார்க்கும். பைக் என்ற நீள மூக்கு மீன் நிழலில் அசையாமல் நிற்கும். இடுக்கி வைத்த நன்னீர் இறால் வகை ஒன்று கல் இடுக்கில் இருக்கும். ஐந்தாறு மீட்டர் தாண்டினாலே சிவப்பு நிறம் செத்துவிடும். பிறகு எல்லாமே பச்சையும் சாம்பலும்தான். ஹெலிகாப்டரையும் கப்பலையும் அங்கே போட்டதே, நீந்திப் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான். ஆனால் இங்கே வருகிறவர்கள் காட்சிக்காக வருவதில்லை. மிதப்பைச் சரியாக நிறுத்தவும், மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் பதறாமல் வெளியேற்றவும், பக்கத்தில் இருப்பவனைக் கண்காணிக்கவும் பழகத்தான் வருகிறார்கள். அப்புறம் கரையேறி, சூடான தேநீரோடு அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதற்கும்.

இனி உடம்புக்கும் காற்றுக்கும் உள்ள கணக்கு. முதலில் ஒரு திருத்தம்: முதுகில் இருப்பது ‘ஆக்சிஜன் சிலிண்டர்’ என்று நம் செய்தித்தாள்கள் எழுதுவது தவறு. அதில் இருப்பது நாம் மூச்சுவிடும் சாதாரணக் காற்றுதான். வடிகட்டி, ஈரம் நீக்கி, அழுத்தி அடைத்திருக்கிறார்கள். தூய ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு 6 மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பு வர வாய்ப்புண்டு. தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் மூழ்கிப்போவதுதான் முடிவு.

தண்ணீரில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. 20 மீட்டரில் மூன்று மடங்கு. வாயில் வைத்து மூச்சிழுக்கும் ரெகுலேட்டர் சுற்றியுள்ள அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றைத் தருவதால், 20 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே ஆவதைப் போல மூன்று பங்கு காற்று செலவாகும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் 2,400 லிட்டர். அவசரத்துக்கென்று 50 பார், அதாவது 600 லிட்டரைத் தொடாமல் வைக்க வேண்டும். மிச்சம் 1,800. நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிற ஆளுக்குக் கரையில் இது ஒன்றரை மணி நேரம் வரும். 20 மீட்டரில் அரை மணி நேரம்தான். குளிரிலோ பதற்றத்திலோ மூச்சு வாங்கி நிமிடத்துக்கு 30 லிட்டர் ஆகிவிட்டால் இருபதே நிமிடம். ஒரே சிலிண்டர், ஒரே ஆழம், ஆனால் இரண்டு பேரின் நேரம் ஒன்றல்ல. இந்த வேறுபாடுதான் நண்பர்கள் சேர்ந்து இறங்கும்போது எல்லா முடிவுகளையும் தீர்மானிக்கிறது. அதற்கு வருகிறேன்.

இறங்கும்போது காது அடைக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதிச் சமன் செய்ய வேண்டும். வலி வருவதற்கு முன்பே, அடிக்கடி. வலித்த பிறகு பலமாக ஊதுவது ஆகாது, ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயல வேண்டும். அழுத்தம் வேகமாக மாறுவது மேலே உள்ள முதல் 10 மீட்டரில்தான். அதனால் ஆழமில்லாத குவாரி என்றால் ஆபத்தில்லை என்று நினைக்கக் கூடாது. சிலிண்டர் காற்றை இழுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டே மேலே வந்தால், உள்ளே அடைபட்ட காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். அதற்கு ஒன்றிரண்டு மீட்டர் ஏற்றமே போதும். ‘மூச்சைப் பிடிக்காதே’ என்பதுதான் ஸ்கூபா வகுப்பில் முதல் நாள் சொல்கிற முதல் பாடம்.

நைட்ரஜன் பிரச்சினை வேறு. அழுத்தத்தில் நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து சேர்கிறது. நின்று நிதானமாக ஏறினால் மூச்சோடு வெளியேறிவிடும். அவசரப்பட்டால் உடம்புக்குள்ளேயே குமிழாகிவிடும். மூட்டு வலியில் தொடங்கி கை கால் செயலிழப்பது வரை அதன் விளைவு போகலாம். பாடி என்ற பயிற்சி அமைப்பின் அட்டவணைப்படி, அன்றைய முதல் டைவில் 18 மீட்டர் ஆழத்தில் 56 நிமிடமும், 30 மீட்டரில் 20 நிமிடமும் இருந்துவிட்டு இடைநிறுத்தம் கட்டாயம் இல்லாமல் ஏறலாம். நிமிடத்துக்கு 9, 10 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு வா என்பது இன்றைய வழக்கம். கையில் கட்டிய டைவ் கம்ப்யூட்டர் இதையெல்லாம் கணக்கிட்டுக் கொண்டே இருக்கும். குவாரியில் நைட்ரஜன் கெடு வருவதற்கு முன்னால் பெரும்பாலும் காற்றோ குளிரோ ஆளை மேலே அனுப்பிவிடும்.

அந்தக் குளிர்தான் அந்தமானில் பழகியவருக்குப் புதிது. தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். கோடையில் மேல்மட்டத் தண்ணீர் இதமாக இருந்தாலும், சில மீட்டர் இறங்கியதும் கோடு கிழித்ததுபோல் திடீரென்று சில்லென்று ஆகும். வெயிலில் சூடான நீர் இலேசானது என்பதால் மேலேயே மிதக்கிறது. கனமான குளிர்நீர் கீழே தங்கிவிடுகிறது. காற்றும் அலையும் கடலைக் கலக்குவதுபோல் இந்தப் பள்ளத்தைக் கலக்குவதில்லை. குளிர்காலத்தில் எல்லாமே 4, 5 டிகிரிக்கு இறங்கிவிடும். எனவே மெல்லிய வெட்சூட் பயன்படாது. தடித்த வெட்சூட், அல்லது உள்ளே தண்ணீரே புகாத டிரைசூட். டிரைசூட்டுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். உள்ளே அடைபட்ட காற்று கால்பக்கம் ஓடிவிட்டால் ஆள் தலைகீழாக மேலே போய்விடுவார்.

குளிர் தருகிற இன்னொரு ஆபத்து ரெகுலேட்டரில் இருக்கிறது. அழுத்தத்தில் இருந்த காற்று விரியும்போது கடும் குளிர்ச்சி அடையும். தண்ணீர் ஏற்கெனவே 5, 6 டிகிரி என்றால், வால்வைச் சுற்றியுள்ள ஈரம் பனிக்கட்டியாகி, வால்வு திறந்தபடியே மாட்டிக்கொள்ளும். காற்று நிற்காமல் கொட்டும். சத்தமும் குமிழுமாகக் கண்ணே தெரியாது. 20 மீட்டரில் இருந்தால் சில நிமிடங்களில் சிலிண்டர் காலி. அப்போது செய்ய வேண்டியது, கூட்டாளியிடம் கைகாட்டி, அவருடைய உபரி ரெகுலேட்டரை வாயில் வைத்து, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்தபடி சாதாரண வேகத்தில் ஏறுவது. அது வராமல் தடுக்க வழி உண்டு: குளிர்நீருக்கென்று சோதித்த ரெகுலேட்டரை வாடகைக்குக் கேளுங்கள், கரையில் நின்று சும்மா மூச்சிழுத்துப் பார்க்காதீர்கள், மூச்சு இழுக்கிற அதே நேரத்தில் மிதவை ஜாக்கெட்டில் காற்று ஏற்றாதீர்கள்.

மிதக்காமல் கீழே இறங்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈயக்கட்டிகளின் கணக்கும் மாறும். உப்புநீரைவிட நன்னீர் இலேசு, அதில் நாமும் குறைவாகத்தான் மிதப்போம். உடம்பும் சாமானும் சேர்த்து 100 கிலோ என்றால் ஏறக்குறைய இரண்டரை கிலோ ஈயத்தைக் குறைக்கலாம். ஆனால் தடித்த உடை அதிகம் மிதக்கும், அதற்காக ஈயம் கூட்ட வேண்டும். கடலில் கட்டிய எடையை நினைவில் வைத்துக்கொண்டு வராமல், கரையோரத்தில் மிதந்து பார்த்துச் சரிசெய்வதுதான் முறை.

அடியில் படிந்திருப்பது மாவுபோன்ற வண்டல். புதிதாக வந்தவர் சைக்கிள் மிதிப்பதுபோல் காலில் மாட்டிய ஃபின்ஸை ஆட்டினால், குட்டையில் எருமை இறங்கின மாதிரி ஆகிவிடும். பின்னால் வருகிறவர்களுக்குத் தங்கள் கையே தெரியாது. அதனால் அங்கே பழகியவர்கள் தவளையைப்போல் காலைப் பக்கவாட்டில் விரித்து உதைக்கிறார்கள். ஒரு பயிற்சி வகுப்பு நடந்துமுடிந்த இடத்துக்குப் பக்கத்தில் இறங்காமல் இருப்பது இன்னும் புத்திசாலித்தனம்.

சரி, நண்பர்கள். ஸ்கூபாவை யாரும் தனியாகச் செய்யக் கூடாது, ஜோடியாகவே இறங்க வேண்டும் என்பது அடிப்படை விதி. இது நமக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்த காலத்தில், ஒருவன் இறங்கினால் இன்னொருவன் படகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. தன் அக்கா தங்கையின் தாலி சம்பந்தப்பட்டது என்பதால் கண்ணயர மாட்டானாம். ஸ்கூபாவில் கயிறு இல்லை. இரண்டு பேருமே கீழே. கண்காணிப்பும் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்.

இறங்குவதற்கு முன் ஒருவரை ஒருவர் சோதிக்க வேண்டும்: மிதவை ஜாக்கெட் ஊதுகிறதா, ஈயம் சரியாக இருக்கிறதா, எந்தக் கொக்கியை எப்படிக் கழற்றுவது, சிலிண்டர் முழுதாகத் திறந்திருக்கிறதா, காற்று எவ்வளவு. மூடிய சிலிண்டரோடு தண்ணீரில் குதிக்கிறவர்கள் இன்றும் உண்டு. ஒரு நிமிடச் சோதனையில் அது பிடிபட்டுவிடும். பிறகு எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், யார் முன்னால், எத்தனை பார் வந்ததும் திரும்புவது என்று பேசிக்கொள்ள வேண்டும். இரண்டு பேரில் யாருடைய காற்று முதலில் அந்த அளவைத் தொடுகிறதோ அவர் கணக்கில்தான் இருவரும் திரும்ப வேண்டும். ஒருவரை ஒருவர் தொலைத்துவிட்டால், ஒரு நிமிடம் சுற்றித் தேடிவிட்டு மேலே வர வேண்டும். அடியிலேயே தேடிக்கொண்டிருந்தால் இருவர் காற்றும் தீர்ந்துவிடும்.

கைச்சைகைகளில் ஒன்று நம்மவர்களைத் தவறாமல் குழப்பும். கட்டைவிரலை உயர்த்தினால் ‘சூப்பர்’ என்று பொருள் இல்லை. ‘மேலே போகலாம்’ என்று பொருள். கப்பலைப் பார்த்த உற்சாகத்தில் கட்டைவிரலைக் காட்டினால் கூட வந்தவர் ஏறத் தொடங்கிவிடுவார். நன்றாக இருக்கிறேன் என்பதற்கு ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் சேர்த்து வட்டம். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து இடமும் வலமும் ஆட்டினால் ஏதோ சரியில்லை. மார்பில் முஷ்டியை வைத்தால் காற்று குறைந்துவிட்டது. கழுத்தை வெட்டுவதுபோல் கையை இழுத்தால் காற்றே இல்லை. இதற்குத் தாமதிக்காமல் கைகொடுக்க வேண்டும்.

இவ்வளவு ஏற்பாடும் இருந்தும் நண்பர்களோடு போவதில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. குவாரியில் சுறா இல்லை, நீரோட்டம் இல்லை. தண்ணீர் ஏறக்குறைய எல்லா நாளும் ஒரே மாதிரி. மாறுவது கூடவரும் ஆட்கள்தான். எனக்குக் குளிர்கிறது, எனக்குக் காற்று குறைகிறது, எனக்கு இந்த ஆழம் பிடிக்கவில்லை என்று கட்டைவிரலைக் காட்ட வேண்டிய நேரத்தில், நண்பர்கள் இவ்வளவு தூரம் காரோட்டி வந்திருக்கிறார்களே என்ற கூச்சம் கையைப் பிடித்துக்கொள்ளும். வகுப்பில் முன்பின் தெரியாத ஆசிரியரிடம் தயங்காமல் சொல்வதை, நெருங்கிய நண்பனிடம் சொல்ல வெட்கம். 18 மீட்டர் வரைக்கும் மட்டும் சான்றிதழ் வாங்கியவரை, ‘நான் இருக்கேன், பயப்படாம வா’ என்று சொல்லி 35 மீட்டர் தட்டுக்குக் கூட்டிப்போவதும் இதே நட்புதான். அந்த ஆழத்தில் நைட்ரஜன் மதுவைப்போல் தலைக்கு ஏறும். மங்கலும் குளிரும் சேர்ந்தால் காற்று மானியைப் பார்த்தும் எண் மனதில் பதியாது. அழைத்துப் போனவருக்கும் அதே நிலைதான்.

இதற்கென்றே டைவர்களிடம் ஒரு விதி உண்டு. யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் டைவை முடித்துவிடலாம். மேலே வந்த பிறகும் யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. கரையில் உடை மாற்றும்போதே, ‘நான் வரலை’ என்று சொல்வதும் இதில் அடக்கம். ஒரு குழுவோடு முதல்முறை போகிறவர்கள் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியது இந்த விதி அங்கே நடைமுறையில் இருக்கிறதா என்பதுதான். அங்கே சிரித்து மழுப்பினால், அவர்களோடு தேநீர் மட்டும் குடியுங்கள். 1953இல் தொடங்கிய பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப்புக்கு அந்நாட்டில் நிறையக் கிளைகள் உண்டு. அதன் உறுப்பினர்களே சம்பளம் வாங்காமல் கற்றுக்கொடுக்கிறார்கள், கூட்டாளி கிடைக்காதவருக்கு ஜோடியும் சேர்த்து விடுகிறார்கள்.

இங்கே சொன்னதெல்லாம் டைவிங்குக்கென்று நடத்துகிற குவாரிகளுக்கு மட்டும். அங்கே ஏறி இறங்கப் படிகள் உண்டு, ஆழம் குறித்த வரைபடம் உண்டு, மீட்க ஆளும் முதலுதவி ஆக்சிஜனும் உண்டு. கைவிடப்பட்ட குவாரி வேறு. செங்குத்தாக வெட்டிய சுவர், பிடித்து ஏற விளிம்பு இல்லாத கரை, முதல் அடியிலேயே ஆளை விழுங்கும் ஆழம். கோடை விடுமுறையில் தமிழ்நாட்டுக் கல்குவாரிகளில் பிள்ளைகள் மூழ்கிய செய்தியைப் படிக்காத வருடம் உண்டா? சிலிண்டரும் மாஸ்க்கும் இருந்தால் அங்கே இறங்கலாம் என்று நினைப்பது இன்னும் மோசம். விட்டுப்போன இயந்திரமும் கம்பியும் கேபிளும் அடியில் எங்கே கிடக்கின்றன என்பது எவருக்கும் தெரியாது. தெளிவான நிறத்தையும் நம்ப முடியாது. இங்கிலாந்தில் பக்ஸ்டன் ஊருக்கு அருகே ஹார்ப்பர் ஹில் குவாரியில் நீலமணி நிறத்தில் தண்ணீர் இருந்தது. ஜனங்கள் குவிந்து நீந்தினார்கள். சுண்ணாம்புக் கழிவால் அதன் காரத்தன்மை 11.3 பி.எச்., அதாவது தோலை அரிக்கிற அளவு. எச்சரிக்கைப் பலகையை யாரும் மதிக்காததால், 2013இல் உள்ளூர் நிர்வாகம் அந்தத் தண்ணீரில் கறுப்புச் சாயத்தைக் கொட்டியது.

போவதென்று முடிவு செய்தால், சான்றிதழ் அட்டையும் டைவ் பதிவேடும் எடுத்துப் போங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காதில் அறுவை சிகிச்சை எதுவும் இருந்தால் உடல்நலப் படிவத்தில் மறைக்காமல் எழுதி, டைவிங் தெரிந்த மருத்துவரிடம் ஒப்புதல் வாங்குங்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்க வேண்டாம். மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், மருந்தின் வேகம் அடியில் இருக்கும்போதே தீர்ந்து, ஏறும்போது காது அடைத்துக்கொள்ளும். கடைசியாக விமானம். உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் வெளியேறுமுன் உயரே போனால் குமிழ் பிரச்சினை அங்கே வந்துவிடும். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் இறங்கியிருந்தால் 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். ஞாயிறு காலை ஹீத்ரோவில் சென்னை விமானம் ஏற டிக்கெட் போட்டிருந்தால், சனிக்கிழமை மாலைக் குவாரியை விட்டுவிட்டு முந்தின வாரமே போய் வாருங்கள்.